பாடும் ஊரியும் பன்பாயும்

சம்மாந்துறை என்ற பெயருக்குள் ஓர் ஓடம் கட்டப்பட்டிருக்கிறது. சம்பான் என்னும் வள்ளங்கள் வந்து தங்கிய துறை சம்பாந்துறையாகிப் பின்னர் சம்மாந்துறை என மருவிற்று என்பர். ஆயின் இன்று அவ்வூருக்குச் செல்பவர் ஓடத்தைக் காண்பதில்லை. காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பி மாவடிப்பள்ளியைக் கடந்ததும் இரு மருங்கும் நெல், அதற்கப்பாலும் நெல். கடற்காற்று வருகிறது, கடல் தெரிவதில்லை. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய கல்லோயாவின் நீர் 1949ஆம் ஆண்டு தொடங்கிய பெருந்திட்டத்தினால் அணைகட்டி மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியே வந்து அவ்வயல்களை வளர்க்கின்றது. போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை என்ற பதவிப் பெயர்கள் எல்லாம் வயலைச் சுற்றியே பிறந்தவை. ஆகவே சம்மாந்துறை என்றதும் நெல்லைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நெல்லுக்கு அப்பால் அம்மண்ணின் மக்கள் எவற்றைக் கண்டு வியந்தனர், எவற்றின்மீது காரணமின்றி ஆசை வைத்தனர், ஓய்ந்த வேளையில் கைகளை எதில் ஈடுபடுத்தினர் என்ற பேச்சுக்கு அத்துணை இடம் கிடைப்பதில்லை.

விநோதமான உயிரினங்களின்மீது கொள்ளும் விருப்பைப் பேச வந்தால், அவ்வூரின் எல்லைக்குச் சற்று வடக்கே தொடங்குவது பொருந்தும். அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது 1961இலேயே. அதற்கு முன்னர் சம்மாந்துறைப் பற்றும் கரைவாகுப் பற்றும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளே. மாவட்டங்கள் பிரிந்தனவேயன்றி நீர் பிரியவில்லை. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் தென்முனை கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கித் தாம்போதியை அண்டிய பகுதிவரை நீண்டு வருகிறது. கிட்டங்கியில் கால் நனைப்பவர் நனைப்பது பாடும் மீனின் வாவியிலேயே. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று புகழ்ந்தபோது அப்புகழின் ஒரு பங்கு தென்முனைக்கும் உரியதாயிற்று. எனினும் அதனை எவரும் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றி அச்சேறிய வருணனைகளுள் மிகவும் பேர்பெற்றது எமர்சன் ரெனன்ற் என்பாருடையது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை எழுகின்றது என்று கேள்வியுற்று, நிலா எழுந்தபின் மீனவரோடு ஓடத்தில் ஏறினார். கோட்டை வாயிலருகேயுள்ள இறங்குதுறையிலிருந்து ஓர் இருநூறு யார் தூரம் சென்றதும் மீனவர் துடுப்பை நிறுத்தினர். காற்றுமில்லை, அலையுமில்லை. நீரினுள்ளிருந்து ஒலி வந்தது. நீண்ட ஒரே சுரமாக அன்றி, எண்ணிறந்த சிற்றொலிகளாக, ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாக, மெல்லியவும் கனத்தவும் கலந்து கேட்டன என்று அவர் எழுதினார். ஓடத்தின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பன்மடங்காயிற்று. ஓடம் நகர்ந்தபோது ஓரிடத்தில் மிகுந்தும் வேறோரிடத்தில் அற்றும் போயிற்று. பழைய இடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் கேட்டது.

ரெனன்றின் நூலை வாசிப்போர் பெரும்பாலும் இந்த இசை வருணனையோடு நின்றுவிடுவர். அதற்கு முன்னும் பின்னும் வரும் சில செய்திகளே கூர்ந்து நோக்கத்தக்கவை. எந்த இடத்தில் ஓடத்தை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருந்தவர்கள் மீனவர்கள். இரவில் மட்டுமே கேட்கும், நிலவு முழுமையை அடையும் நாட்களில் தெளிவாகக் கேட்கும், மழை பெய்து வாவியில் வெள்ளம் ஏறியதும் ஓய்ந்துவிடும் என்று சொன்னவர்களும் அவர்களே. பாடுவது மீன் அன்று, ஒருவகை ஊரியே என்று கூறி, நீரிலிருந்து அச்சிப்பிகளை எடுத்துக் கையில் கொடுத்தவர்களும் அவர்களே. இடம், காலம், நிலவின் வளர்ச்சி, நீரின் தன்மை, ஐயத்துக்குரிய உயிர் என்ற ஐந்தையும் தந்தபின் விஞ்ஞானி செய்வதற்கு எஞ்சியிருப்பது எவ்வளவு? நூலில் அந்த மீனவருள் ஒருவரின் பெயர்கூட இல்லை. அவர்கள் பணிக்காக வாவியில் இரவெல்லாம் கிடந்தவர்கள். வலையில் சிக்காத, சந்தையில் விலைபோகாத ஓர் ஒலியை அவர்கள் இத்துணை நுணுக்கமாகக் கவனித்து வைத்திருந்தார்கள் என்றால் அதனை விருப்பு என்றன்றி வேறெப்பெயரால் அழைப்பது?

அவர்கள் தந்த சிப்பிகளை ரெனன்ற் இரண்டு இனங்களாக அடையாளங் கண்டார். அவற்றுள் பெரியது அன்று செறிதியம் பாலுஸ்ற்றே எனப்பட்டது. இன்றைய விலங்கியலார் அதனைத் தெறபிறாலியா பாலுஸ்ற்றிஸ் என்பர். கூம்பு வடிவில், விரல் நீளத்தையும் விஞ்சி வளரும் அது கண்டல் மரங்களின் அடியில் சேற்றில் ஊர்வது. முதிர்ந்தபின் உதிர்ந்த கண்டல் இலைகளைத் தின்பது. இத்தகைய ஒரு நத்தையினம் பாடக்கூடுமா என்பதில் ரெனன்றுக்கே முழுத் தெளிவு இருக்கவில்லை. ஸ்கொத்லாந்தில் கிறான்ற் என்னும் உயிரியலார், கண்ணாடிச் சாடியில் வைத்த கடல் நத்தையொன்றிலிருந்து ஓசை எழக் கேட்டதாக எழுதியிருந்ததை அவர் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சிப்பியினங்களுக்கு ஒலியெழுப்பும் உறுப்பு இல்லை என்பதால் அறிஞர் பலர் மீனையே சந்தேகிக்கின்றனர். அச்சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. நம் கரையோரத்து மீனவர் கத்தாளை என்று வழங்கும் மீனினம், நீந்தற்பையை அண்டிய தசைகளை அதிரவைத்து மேளம்போல ஒலியெழுப்புவது எங்கும் அறிந்த உண்மை. 1980களில் கலிபோர்ணியாவின் சோசலிற்றோ என்னும் இடத்தில் படகு வீடுகளில் வாழ்ந்தோர், இரவில் நீருக்கடியிலிருந்து வந்த ஓயாத ரீங்காரத்தினால் உறக்கமிழந்தனர். இயந்திரம் என்றனர், கழிவுநீர்க் குழாய் என்றனர், இரகசிய இராணுவச் சோதனை என்றும் சொன்னார்கள். முடிவில் பிடிபட்டது தேரை மீன் குடும்பத்தைச் சார்ந்த ஓர் ஆண் மீன். கல்லின் கீழ்க் கூடமைத்துப் பெண் மீனை அழைத்துக்கொண்டிருந்தது. அங்கே அதனைத் தொல்லை என்று முறையிட்டார்கள். இங்கே அதனை ஒத்த ஓசைக்கு ஒரு நாட்டின் பெயரையே சூட்டினார்கள். 1950களில் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வோசையைப் பதிவு செய்தார். அப்பதிவு இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அடிகளாரின் தொழில் மீன் ஆராய்ச்சியன்று. மாலை வேளையில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடமேறும் பொழுதுபோக்கே அவரை அங்குக் கொண்டு சென்றது.

பொழுதுபோக்கு என்ற சொல் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கிறது. பொழுதைப் போக்குதல் என்றால் கழித்துவிடுதல் என்றே பொருள்படுகிறது. எனவே படிப்புக்கும் தொழிலுக்கும் இடையூறானது என்று பெற்றோர் கருதும் செயல்களுக்கெல்லாம் அது பெயராயிற்று. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து இலைதந்து வளர்ப்பதும், போத்தலில் மின்மினியை அடைப்பதும், வாய்க்காலில் குஞ்சு மீனைத் துணியால் அள்ளுவதும் கீழைக்கரைச் சிறுவருக்குப் புதியவையல்ல. அச்சிறுவரின் விருப்பிலே இரண்டு கூறுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பார்க்கும் ஆசை. மற்றது வைத்திருக்கும் ஆசை. பொன்வண்டு தீப்பெட்டிக்குள் முட்டையிட்டதைக் கண்டு வியப்பவன் முதலாவதால் ஆட்கொள்ளப்பட்டவன். பெட்டியின் மூடியை இறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் காட்டி மகிழ்பவன் இரண்டாவதால் ஆளப்படுபவன். பெரும்பாலும் இருவரும் ஒருவனே.

வளர்ந்தோரிடம் இவ்வேறுபாடு கடுமையாகிறது. தேவாங்கை எடுத்துக்கொள்வோம். பெருங்கண்ணும் மெல்லிய கைகாலும் உடைய அந்த இராவிலங்கு காண்போர் மனத்தைக் கவர்வது; கவர்ந்த காரணத்தாலேயே பிடிபடுவது. பகல் வெளிச்சத்தில் கூட்டில் வைக்கப்பட்ட தேவாங்கு உறக்கமிழந்து மெலிந்து மடியும். அழுங்கின் நிலை இன்னும் துயரமானது. உடலெங்கும் ஓடுபோன்ற செதில் போர்த்திய பாலூட்டி அது, பல்லில்லை, கறையானையும் எறும்பையும் நீண்ட நாவினால் தின்று வாழ்வது. அஞ்சியதும் உருண்டு பந்தாகிவிடும். சிறுத்தையின் பல்லுக்கு எதிரே அந்தத் தந்திரம் பலித்தது. மனிதன் குனிந்து அப்பந்தை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்ளும்போது அதே தந்திரம் அதன் கேடாகிவிடுகிறது. இறைச்சிக்காகவும் செதிலுக்காகவும் உலகெங்கும் அழுங்குகள் கொல்லப்பட்டு வந்ததால், 2016இல் அனைத்துலக உடன்படிக்கையொன்று எல்லா அழுங்கினங்களின் வணிகத்தையும் தடைசெய்தது. இலங்கையிலே 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் முன்னரே இருக்கிறது. சட்டம் பிடிப்பவனைத் தண்டிக்கலாம். அழுங்கு என்றால் கறி என்று மட்டுமே அறிந்த ஒரு வீட்டில் அது வேறொன்றாகத் தோன்றுவதற்கு ஏதேனும் நிகழவேண்டும். அதனை நிகழ்த்தக்கூடியது யாதென வினவினால், தீப்பெட்டிக்குள் முட்டையைக் கண்டு வியந்த அந்தச் சிறுவனிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

கைவினையைப் பற்றிய பேச்சுக்கு வரலாம். கீழைக்கரை முஸ்லிம் ஊர்களில் பன்பாய் இழைத்தல் பெண்களின் வேலை. வேலை என்றுதான் சொல்வர். கலை என்று சொல்வதில்லை. சதுப்பிலும் நீர் தேங்கிய பள்ளங்களிலும் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஒரு பங்கைச் சாயமிட்டு அவித்து எடுத்து, மீண்டும் உலர்த்துவர். பின்னர் நிலத்தில் அமர்ந்து இழைப்பர். இழைத்த பகுதியின்மேலேயே அமர்ந்து முன்னேறுவதால், பாய் வளர வளர இழைப்பவள் தன் சித்திரத்தின் மீதே இருந்துகொண்டு அதனை வரைகிறாள். தறியில்லை, அச்சில்லை, தாளில் வரைந்த மாதிரியுமில்லை. சிவப்புக் கோடு எத்தனை இழைக்கு ஒருமுறை வரவேண்டும், கட்டம் எவ்விடத்தில் மடங்கவேண்டும் என்பன எல்லாம் மனக்கணக்கு. கணிதம் தமக்கு வராது என்று சொல்லிப் பள்ளியை விட்ட பெண்கள் விரல்களால் இதனைச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் இருப்போர் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

பாய் பற்றிப் பேசுகையில் விலங்கு எங்கே வந்தது என்று கேட்கலாம். பன் வளரும் அந்தச் சதுப்பே விடை. நீர்க்கோழியும் கொக்கும் நாரையும் இரைதேடும் இடம் அது. இரவில் அங்கே நடமாடும் ஒரு பூனையை அயலூரார் பலர் கண்டதேயில்லை. கண்டவரும் அதனைச் சிறுத்தைக் குட்டியென்று மயங்குவர். மீன்பிடிப் பூனை என்பது அதன் பெயர். பூனை நீருக்கு அஞ்சும் என்பது பொதுவிதி. இது நீரிலே குதித்து, மூழ்கி, மீனைப் பிடிப்பது. கால்விரல்களிடையே அரைகுறையான தோற்சவ்வும் நெருங்கிய உட்கம்பளியும் அதற்கு உண்டு. இலங்கையில் அழிவாபத்தை எதிர்நோக்கும் விலங்குகளுள் ஒன்றாக அது பதியப்பட்டிருக்கிறது. பன்னை நாடிச் செல்லும் பெண்ணும் மீனை நாடிச் செல்லும் பூனையும் ஒரே பள்ளத்தைப் பகலாகவும் இரவாகவும் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தனர். பள்ளம் மண்ணிட்டு நிரப்பப்படும்போது இருவரும் ஒருங்கே வெளியேறுகின்றனர். வெளியேறுவோரில் ஒருவருக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பாய் கிடைக்கிறது. அந்தப் பாய் மலிவு, கழுவலாம், நிறம் மங்காது. அதனை வாங்குபவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. முதுகு வளைந்து நாட்கணக்கில் இழைத்த பாய்க்கு நியாயமான விலைதர மறுத்தவர்களே அதன் அழகைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள்.

வயலிலும் ஒரு கலை இருந்தது. நெல் கதிர்தள்ளிய காலத்தில் காவற்பரணில் இரவைக் கழிப்பவன் உறங்கலாகாது. உறக்கத்தை வெல்லக் கவி பாடினான். ஒரு பரணிலிருந்து எழுந்த கவிக்கு அடுத்த பரண் மறுமொழி சொல்லிற்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள் என்று இன்று பாடநூலில் இடம்பெறுபவற்றுள் பல அவ்விரவுகளின் பிள்ளைகள். மச்சியை அழைத்தும் பறவையைத் தூதுவிட்டும் அவன் பாடியது காதலுக்காக மட்டுமா? பன்றிக்கும் யானைக்கும் தான் விழித்திருப்பதை அறிவிக்கவும் குரல் வேண்டியிருந்தது. அச்சத்திலிருந்து பிறந்த இலக்கியம் என்று அதனை வகைப்படுத்தினால் நாட்டாரியல் அறிஞர் ஏற்பரோ, மறுப்பரோ. பரணில் ஓரிரவு இருந்தவர் ஏற்பர்.

யானையைப் பற்றி இவ்விடத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். விநோத விலங்குகளின்மீது விருப்புக் கொள்ளுமாறு நகரத்திலிருந்து அறிவுரை கூறுவது எளிது. கல்லோயாத் தேசிய பூங்கா 1954இல் அமைக்கப்பட்டது. அங்கே சேனாநாயக்க சமுத்திரத்தின் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்திச் செல்லும் காட்சியை ஓடத்திலிருந்து காண அயல்நாட்டவர் வருகின்றனர். அந்த நீர்த்தேக்கத்தை எவர் பொருட்டுக் கட்டினார்களோ அந்த விவசாயி அதே யானையைக் காண்பது வேறோர் நேரத்தில், வேறோர் நிலையில். மூன்று மாத உழைப்பும் கடனும் ஓரிரவில் மிதிபட்டுப்போகின்றன. கையிலே யானை வெடியும் ஒரு விளக்கும் மட்டும். அவனிடம் போய் யானையின் அழகைப் பற்றிப் பேசுவது பண்பாகாது. 2023ஆம் ஆண்டு ஒன்றிலேயே நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்நாட்டில் இப்போராட்டத்தில் மாண்டார்கள். 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையின் யானைகள் 5,879 எனக் காணப்பட்டதை நினைத்தால் முதலாவது எண்ணின் பாரம் விளங்கும். இரண்டாவது எண்ணின் பாரத்தை விளக்க ஒப்பீடு வேண்டியதில்லை.

ஆயினும் விவசாயிக்கு யானையின்மீது உள்ளது வெறுப்பு மட்டுமே என்று முடிவுகட்டுவதும் தவறு. அறுவடை முடிந்து வயல் வெறுமையானபின் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வெளிகளில் யானைக் கூட்டம் வைக்கோலை மேய இறங்கும். அப்போது வீதியோரத்தில் சைக்கிளை நிறுத்திப் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுபவன், சில கிழமைகளுக்கு முன் வெடி கொளுத்தியவனாகவே இருப்பான். நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. யானை மீண்டும் விநோதமாகிவிட்டது. இவ்விருப்பு நெல்லின் பாதுகாப்பை முன்னிபந்தனையாகக் கேட்கிறது. அது நியாயமான கேள்வியே. அதற்கு உரிய விடை தரப்படாத இடத்தில்தான் ஹக்கபட்டாஸ் என்னும் கொடுமை புகுந்தது. உணவுப் பொருளுக்குள் மறைத்த வெடி வாய்க்குள் வெடித்துத் தாடையைச் சிதைக்கிறது. பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று கடிக்கிறது. உடனே இறப்பதுமில்லை; உண்ண முடியாமல் நாட்கணக்கில் நின்று மடிகிறது. வயலைக் காக்க முயன்றவரை விளங்கிக்கொள்ள முயலலாம். இதனை விளங்கிக்கொள்ள முயல்வது இயலாது.

தெற்கே பள்ளக்காட்டில் நிகழ்வது இன்னொரு விதம். கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படும் அவ்விடத்துக்குக் காட்டு யானைகள் வந்து, சோற்று மீதியோடு பொலித்தீன் பைகளையும் தின்கின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் அங்கே மாண்டன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் வெளியிட்டன. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் நிறைந்திருந்தன. குப்பைமேட்டில் நிற்கும் யானையைக் காணவும் ஆட்கள் போகின்றனர், படமெடுக்கின்றனர். அந்தப் பையில் தம் வீட்டுப் பையும் ஒன்று என்பது படத்தில் விழுவதில்லை.

பார்த்தலைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களின் வாழ்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் அத்தகையவர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், கல்கத்தாப் பத்திரிகையான ஸ்ரேற்ஸ்மனில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள்! காட்டு யானையைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்த அதே ஆர்வத்தோடு வீட்டு முற்றத்து அணிலையும் காகத்தையும் எழுதினார். பத்திக்கு வேண்டிய சித்திரத்தையும் தாமே வரைந்தார். தமிழில் அவர் எழுதியவை மழைக்காலமும் குயிலோசையும் என்ற தொகுப்பில் கிடைக்கின்றன. இலங்கையிலே ஹென்றி என்பார் கொழும்பு நூதனசாலையில் சித்திரக்காரராகச் சேர்ந்து, பூச்சியியற் பிரிவில் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் 1955இல் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அதன் பறவைப் படங்கள் அவர் கையால் தீட்டியவை. அந்நூல் இரண்டு தலைமுறைக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தது. வரைவதற்கு ஒரு பறவையை நோக்குபவன் அதன் அலகு எங்கே வளைகிறது, கண்ணைச் சுற்றி வளையம் உண்டா என்று தேடுகிறான். கூட்டில் அடைக்க நோக்குபவனுக்கு அவை தேவையில்லை. இருவரும் ஒரே கிளியைக் காண்கின்றார்கள் என்று சொல்வதுகூடப் பிழைபோலத் தோன்றுகிறது.

இவர்கள் பெரிய இடத்தவர், வசதியுடையவர் என்று ஒதுக்கிவிடலாம். எனினும் வாவியில் ரெனன்றை அழைத்துச் சென்றவர்களும், பாயில் கணக்கை வைத்திருந்தவர்களும், பரணில் கவி சொன்னவர்களும் அதே பழக்கத்தை உடையவர்களே. ஒரு குறிப்பேடு மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. இன்று அக்குறைக்கு இடமில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. லாங் அடிகளார் காலத்தில் அரிதாயிருந்த ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் கைப்பேசியாக உறங்குகிறது. நீர்புகாத ஒலிவாங்கி ஒன்றை அதனோடு இணைப்பது பெருஞ்செலவன்று. கிட்டங்கியில் தொடங்கி வடக்கே கல்லடிவரை, ஒவ்வொரு வளர்பிறையிலும் ஒரே இடங்களில் ஒலியைப் பதிந்து, நீரின் உப்பையும் வெப்பத்தையும் குறித்து, அவ்விடத்தில் அகப்படும் ஊரியையும் மீனையும் எண்ணிவைத்தால், 1848இல் எழுந்த கேள்விக்கு வடமுனையோர் தராத விடையைத் தென்முனையோர் தரக்கூடும். அதற்கு அவசரமும் உண்டு. கண்டல் வெட்டப்பட்ட கரையில் உதிர்ந்த இலையில்லை. இலை தின்னும் ஊரிக்கு இடமில்லை. பாடுவது மீனாயின் அதன் குஞ்சு வளர்வதும் அதே கண்டல் வேரிடையேதான். பாடுபவர் எவராயினும் வீடு ஒன்றே. கல்லடியில் 1928இல் திறந்த பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் வந்துவிட்டது. வாகன இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் நள்ளிரவிலும் ஓடுகின்றன. முன்புபோல் கேட்பதில்லை என்று முதியோர் கூறுகின்றனர். பாட்டு நின்றதா, கேட்கும் அமைதி போயிற்றா என்று பிரித்தறியவும் அளந்து பார்த்தாக வேண்டும்.

கருவியில்லாதோருக்குப் பழைய முறை இருக்கவே இருக்கிறது. மரத்துடுப்பின் அகன்ற முனையை நீருக்குள் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக்கொண்டு, மூச்சை அடக்கியிருப்பர். வெயிற்காலத்து முழுநிலவு அதற்கு உகந்தது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கி, வாய்க்காலெல்லாம் நிரம்பி, செந்நீர் வாவியில் சேரத் தொடங்கியதும் அந்த ஒலி அடங்கிவிடும் என்பது அம்மீனவர் சொன்ன கணக்கு. அதே மழையில்தான் சம்மாந்துறையார் பெரும்போகத்துக்கு விதைக்கின்றனர். வாவி வாய்மூடிய சில கிழமைகளில் வயலிலே பரண் கட்டத் தொடங்குவர்.